துணைக்கு வருபவர் தம்மைப் பார்த்துக்கொள்கிறாரா?

மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் அருகில் பெரும்பாலும் இன்னொருவர் இருக்கிறார். பழைய சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் மாத்திரை அட்டைகளும் அடங்கிய பையைச் சுமப்பவர் அவர்தாம். டோக்கன் எண் அழைக்கப்படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவரும் அவரே. வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்று மருத்துவர் வினவினால் நோயாளி திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். மூன்று மாதச் சர்க்கரை அளவு என்றால் என்ன, காலில் புண் வந்தால் ஏன் தாமதிக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவரிடம் நாங்கள் கேட்பதுண்டு: "உங்களுக்குக் கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள், அம்மா?" "எனக்கென்னங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பதே பெரும்பாலும் விடை. சிலர் சற்று யோசித்து, கடைசிப் பிரசவத்தின்போது பார்த்தார்கள் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

மக்கள் ஏன் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்வதில்லை என்ற கேள்விக்கு 'விழிப்புணர்வு இல்லை' என்ற ஒற்றை விடை எங்கும் சொல்லப்படுகிறது. துணைக்கு வரும் இவரைக் கண்டால் அந்த விடையில் நமக்கு ஐயம் எழ வேண்டும். நோயைப் பற்றி இவருக்குத் தெரிந்த அளவு ஊரில் பலருக்குத் தெரியாது. பரிசோதனைக்கூடமோ பத்தடி தூரத்தில் இருக்கிறது. இருந்தும் அவர் கையை நீட்டுவதில்லை. அப்படியானால் அறிவுக்கும் செயலுக்கும் நடுவே வேறு ஏதோ நிற்கிறது. அது என்ன என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இதே கேள்வி 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையையும் வாட்டியது. காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வாழும் இடங்களுக்கே அனுப்பினார்கள். கட்டணம் கிடையாது. ஆயினும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று கண்டறியும் பொறுப்பு சமூக உளவியல் வல்லுநர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான காட்ஃப்ரி ஹாக்பாம், பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் ஆகிய மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டோரை விசாரித்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துக் காட்டியவை இரண்டு நம்பிக்கைகள். 'எனக்கும் இந்த நோய் வரக்கூடும்' என்பது ஒன்று. 'அறிகுறி எதுவும் இல்லாதபோதே நோய் உள்ளே இருக்கலாம், முன்பே கண்டால் நன்மை உண்டு' என்பது மற்றொன்று. இரண்டும் உள்ளவர்களில் 82 சதவீதத்தினர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதத்தினரே எடுத்திருந்தார்கள்.

இந்த இரண்டாவது நம்பிக்கை நம்மிடையே வேரூன்றுவது எளிதன்று. நம் மொழியே அதற்குச் சற்றுத் தடையாக நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம். நோய், நோவு, நோகுதல் ஆகிய சொற்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலித்தால்தான் நோய் என்று எண்ணுவது நமக்கு இயல்பாக வருகிறது. இரத்த அழுத்தம் நோகாது. சர்க்கரை தொடக்க ஆண்டுகளில் நோகாது. கருப்பைவாயில் புற்றாக மாறவிருக்கும் திசுவும் பல ஆண்டுகள் நோகாமலேயே இருக்கும். நோகத் தொடங்கும்போது, எளிதில் தீர்த்திருக்கக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டையொட்டி நடத்தப்பட்ட ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. எஞ்சியோருள் பலர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் வயலுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்றுகொண்டிருந்தவர்கள்.

அப்படியானால் பயமுறுத்தினால் வருவார்களா? அழுகிய ஈறு, கருத்த நுரையீரல், துண்டிக்கப்பட்ட கால் ஆகியவற்றின் படங்களை ஒட்டிவைப்பதன் பின்னணியில் இருப்பது அந்த எண்ணந்தான். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவெந்தாலும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு மாணவர்களின் டெட்டனஸ் தடுப்பூசி பற்றியது. சிலருக்கு அச்சமூட்டும் கையேடு, சிலருக்கு மென்மையான கையேடு. அச்சமூட்டும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று வலுவாகவே கருதினார்கள். ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்களைக் கணக்கெடுத்தபோது, கையேடு மட்டும் படித்தவர்களில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 சதவீதந்தான். வேறொரு குழுவினருக்குக் கையேட்டுடன், சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்று குறித்த வரைபடத்தைக் கொடுத்து, 'உங்கள் அன்றாட வேலைகளில் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவீர்கள்?' என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதத்தினர் போனார்கள். அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது மாணவர்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். புதிய செய்தி எதுவும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'என்றைக்காவது' என்பது 'இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வழி' என்று மாறியது, அவ்வளவே.

இந்த ஆய்வை நாங்கள் எங்களுக்குள் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அச்சம் ஒருவரை எண்ண வைக்கும், எழுந்து நடக்க வைப்பதற்கு அது போதாது. சில வேளைகளில் அது எதிர்த்திசையில் ஓடவும் வைக்கும். "தெரிஞ்சுக்கிட்டு என்னங்க பண்றது? இருந்தாலும் இருந்துட்டுப் போகுது" என்று சொல்பவரிடம் அறியாமை இல்லை. விடை கெட்டதாக இருந்தால் அதன் பிறகு யார் தம்மை அழைத்துக்கொண்டு அலைவார்கள், செலவுக்கு எங்கே போவது, மகளின் கல்யாணப் பேச்சு என்ன ஆகும் என்று அவர் நெடுந்தூரம் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவரிடம் மேலும் ஒரு பயங்கரப் படத்தைக் காட்டிப் பயனில்லை. 'ஒருவேளை ஏதேனும் தெரியவந்தால், அடுத்து நடக்கப்போவது இது, அதற்கு ஆகும் நாள் இத்தனை, காப்பீட்டில் கிடைப்பது இவ்வளவு' என்று சொல்வதுதான் பயன்படும்.

அச்சம் என்று நாம் நினைப்பதன் பின்னால் சில வேளைகளில் வெறும் தூரமும் செலவுமே ஒளிந்திருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கிராமங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையை வீட்டிலேயே இலவசமாகச் செய்து, முடிவை மட்டும் அருகிலுள்ள மையத்துக்கு வந்து தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவரே வந்தார். அவமானத்துக்கு அஞ்சுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மையத்துக்கு வருபவர்களுக்குக் குலுக்கல் முறையில் சிறு தொகை அளிக்கப்பட்டபோது வந்தோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. பொருளியல் அறிஞர் ரெபெக்கா தார்ன்டன் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது. அத்தனை சிறிய தொகைக்கு அசைந்துகொடுக்கும் தடையை மலை என்று சொல்ல முடியாது.

'இலவசம்' என்ற சொல்லை நாம் சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் காலை 10 மணிக்கு அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. வீட்டிலுள்ள பெண்ணுக்கு வெறும் வயிற்றுச் சோதனை என்றால், மற்றவர்களுக்குச் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, மாமியாருக்குக் காப்பி கலந்து, தாம் மட்டும் எதையும் வாயில் வைக்காமல் பேருந்து ஏறி வர வேண்டும். சோதனை முடிவை வாங்க மறுநாளும் வர வேண்டும் என்றால் அது இன்னொரு நாள். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட திட்டங்களே மக்களை எட்டுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெயரிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்ப்பவரும் மாத்திரை கொண்டுவருபவரும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவரும் அதே ஊர்ப் பெண் என்பது இன்னும் முக்கியம். முன்பின் அறியாத ஒருவருக்குத் தராத விடையை ஊர்ப் பெண்ணுக்குத் தருவார்கள்.

பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனையில் இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து நிற்பதைக் காண்கிறோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மார்பகப் பரிசோதனையில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 5.6 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் மேல் என்று மகிழ்வதற்கு இதில் இடமில்லை. பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதிக்கப்படவில்லை என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

இத்தனைக்கும், இந்தப் பரிசோதனை உயிரைக் காக்கும் என்பதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதனை செய்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு இருந்தால் அந்த இடம் வெண்மையாகத் தெரியும். சில நிமிட வேலைதான். தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையும் செவிலியர்களாலேயே அளிக்கப்பட்டது. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்த பரிசோதனையின் விளைவு இது.

எங்கள் கட்டுரைக்கு இன்னும் பயன்படும் எண் வேறொன்று. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது ஏறத்தாழ 64 சதவீதத்தினர், வந்தார்கள். கிராமத்துப் பெண்கள் கூச்சப்படுவார்கள், வரமாட்டார்கள் என்று சொல்வோர் இந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டும். கூச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊருக்கு அருகிலேயே நடந்து, பரிசோதிப்பவர் செவிலியராக இருந்து, வீடு தேடி வந்து அழைத்தால் கூச்சத்தைக் கடந்து மூவரில் இருவர் வருகிறார்கள். எஞ்சிய ஒருவரை எண்ணியும் கவலைப்பட வேண்டும். மாதவிலக்கு நின்றபின் 'இனி எனக்கு எதற்கு அந்தப் பரிசோதனை?' என்று கேட்கும் பெண்கள் மிகப் பலர். ஆபத்தோ வயது ஏற ஏறக் கூடுகிறது. கூச்சத்துக்கு இப்போது இன்னொரு மாற்றும் உண்டு. எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று அறியும் சோதனைக்குத் தேவையான மாதிரியைப் பெண் தாமே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்த வசதி எல்லா இடங்களிலும் வந்துவிடவில்லை. இருக்குமிடத்தில் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

ஆண்களின் தயக்கம் வேறு வகையானது. பீடியோ மதுவோ பழக்கத்தில் உள்ளவர், பரிசோதனைக்கு வந்தால் முதலில் கிடைக்கப்போவது திட்டு என்று நம்புகிறார். அவர் நம்புவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒருவரை மருத்துவமனைப் பக்கமே வராமல் செய்ய. இதற்கு நேர்மாறாக, மருத்துவரோ செவிலியரோ நேருக்கு நேர் பார்த்து, "உங்களுக்கு இதைப் பார்த்துவிடலாம், ஐயா" என்று சொல்லும் ஒரு சொல்லுக்குள்ள வலிமை பெரிது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் மருத்துவரின் நேரடிப் பரிந்துரையை மிக வலுவான தூண்டுதல்களுள் ஒன்றாகக் காட்டுகின்றன. சுவரொட்டி எல்லோரிடமும் பேசுகிறது, ஆகவே யாரிடமும் பேசுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தயக்கத்தைப் போக்கவேண்டும் என்பதற்காக எல்லாச் சோதனைகளையும் எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. நாற்பது, ஐம்பது சோதனைகளை ஒரே கட்டாகக் கட்டி 'மாஸ்டர் செக்கப்' என்று விற்பதால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. பொதுவான உடல் பரிசோதனைகள் மரணத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே காக்ரேன் அமைப்பின் விரிவான மதிப்பாய்வு கூறியது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குச் சி.ஏ.125 போன்ற இரத்தச் சோதனையை வழக்கமாகச் செய்வதால் பயனைவிடக் கலக்கமே அதிகம். வேண்டாத சோதனையில் வந்த பொய்யான அபாயமணிக்காக ஒரு மாதம் தூக்கம் இழந்தவர், பிறகு வேண்டிய சோதனைக்கும் வரமாட்டார். 'பாசிட்டிவ்' என்ற சொல்லும் பலரை நடுங்க வைக்கிறது. பெரும்பாலான முதற்கட்டச் சோதனைகளில் அதற்கு 'இன்னொருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும்' என்பதுதான் பொருள். நோய் உறுதியாயிற்று என்பது பொருளன்று.

யாருக்கு எது என்று பார்த்தால் கணக்கு சிறியதுதான். 30 வயதைக் கடந்த எவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும், அதே வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகளும், 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனையும் தேசியத் திட்டத்திலேயே இருக்கின்றன. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் வாயைக் கட்டாயம் காட்ட வேண்டும். துணைக்கு வருபவர்களுக்கு இதற்கு மேலும் சில உண்டு. நீங்கள் அழைத்து வந்திருப்பவர் உங்கள் அண்ணனோ அம்மாவோ, அவருக்குச் சர்க்கரை நோய் என்றால், அந்த இரத்தம் உங்கள் உடலிலும் ஓடுகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்று என்றால் அதை உங்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால் உடனிருப்போர் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கும் அது வராமல் தடுக்கும் மாத்திரை தரப்படுகிறது. ஹெப்படைடிஸ் பி உள்ளவரின் குடும்பத்தினருக்குப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தடுப்பூசியும் உண்டு. நோயாளிக்குச் செய்யும் பணிவிடையோடு சேர்ந்தவைதான் இவையும்.

குடும்பத்தில் ஒருவரைப் பரிசோதனைக்கு இணங்க வைக்க விரும்புகிறவர்கள் யேல் மாணவர்களின் வரைபடத்தை நினைவில் கொள்ளலாம். "உடம்பைப் பார்த்துக்கோங்க அத்தை" என்ற சொல்லுக்கு "ஆகட்டும்மா" என்ற விடை கிடைக்கும், பேச்சு அதோடு முடியும். "அத்தை, வியாழக்கிழமை மாமாவுக்கு டோக்கன் போடும்போதே உங்களுக்கும் ஒண்ணு போட்டுடறேன். காலையில சமையல நான் பாத்துக்கறேன். ஏழரை பஸ்ஸுக்குப் போனா பத்து மணிக்குள்ள வந்துடலாம்" என்பது வேறு. இதில் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அடுப்படிக்கு மாற்று ஆள் இருக்கிறது. அத்தை மறுக்கலாம். அப்போதும் எதனால் மறுக்கிறார் என்பது தெரியவரும். "ஆம்பள டாக்டர்னா வேண்டாம்மா" என்பார், அல்லது "ஊசின்னா எனக்குப் பயம்" என்பார். அந்த விடை கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும்.

இன்று இந்த இதழைக் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உள்ளே இருப்பவருக்கு டயாலிசிஸ் என்றால் உங்களுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகை வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் அமர்ந்திருந்து, பிறகு கையை நீட்டுங்கள். ஒருமுறை 140/90க்கு மேல் காட்டினால் அதுவே முடிவன்று, மீண்டும் பார்ப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு முந்தைய இரவு உணவுக்குப்பின் எட்டு மணி நேரமாவது எதுவும் உண்டிருக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் கவலையில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, அதை இன்றே கொடுக்கலாம். பையை அருகில் இருப்பவரிடமோ செவிலியரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போங்கள். உங்கள் டோக்கன் எண்ணை அழைத்தால் கூப்பிடச் சொல்லுங்கள்.